வயல்வெளியில் வௌவால் மரங்களைக் காத்தல்

ஏரிக்கரை ஆலமரத்திலோ, கோயில் தோப்பின் மருத மரங்களிலோ, சொந்த வரப்பில் நிற்கும் கிழட்டுப் புளியின் பொந்திலோ வௌவால்கள் அடைந்திருக்க, அவற்றை ஓட்டிவிடாமலும், அதே சமயம் விவசாயத்துக்கும் வீட்டாரின் ஆரோக்கியத்துக்கும் குறைவு நேராமலும் அந்த மரங்களைப் பேணிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறவருக்காக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. இலுப்பைப் பூவுக்கு வௌவால் செய்யும் மகரந்த சேவையையும், ஆல், அத்தி, நாவல் முதலியவற்றின் விதைகளை அது பரப்பும் விதத்தையும், சிறு வௌவால்கள் இரவெல்லாம் பூச்சி தின்று பயிருக்குச் செய்யும் உபகாரத்தையும் விஸ்தாரமாகச் சொல்லும் நூல்கள் வேறு உண்டாகையால், இங்கே காரியத்தை மட்டும் பார்ப்போம்.

வேலைகளின் வரிசையை மட்டும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இருக்கிற பழைய மரத்தை விழாமலும் வெட்டப்படாமலும் காப்பது முதல் வேலை. அதைச் சுற்றியுள்ள நீர், வெளிச்சம், கம்பி, சத்தம் ஆகியவற்றைச் சீர்படுத்துவது இரண்டாவது. புது மரம் வைப்பது மூன்றாவது. நம் ஊர்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. ஒரு பக்கம் கன்று நடும் விழா நடந்துகொண்டிருக்க, மறுபக்கம் சாலை அகலப்படுத்துகிறோம் என்று சொல்லி, எந்தக் கன்றும் இன்னும் அறுபது வருஷத்துக்கு ஈடு செய்ய முடியாத ஆலமரம் சாய்க்கப்படுகிறது.

உங்கள் மரத்தில் இருப்பது எது?

எல்லா வௌவாலுக்கும் ஒரே விதமான மரம் வேண்டியதில்லை. ஆகையால் எது வந்து அடைகிறது என்று நிச்சயித்துக்கொள்ளாமல் எதையும் செய்ய வேண்டாம்.

பகலிலேயே கிளைகளில் நூற்றுக்கணக்கில் வெளிப்படையாகத் தொங்கி, கூச்சலிட்டு, சிறகை விசிறிக்கொண்டிருப்பவை பெரிய பழந்தின்னி வௌவால்கள். சிறகை விரித்தால் 4 அடியைத் தாண்டும் இந்தப் பிராணி ஆல், அரசு, மருது, புளி, இலுப்பை என உயர்ந்து பரந்த மரங்களை விரும்பும். தைல மரத்திலும் தொங்கும். நாட்டு மரம், அயல் மரம் என்ற அபிமானம் நமக்குத்தான் உண்டு, அதற்கு இல்லை. மரத்தடியில் கட்டைவிரல் நுனி அளவில் நாரும் தோலுமாக உலர்ந்த சக்கைகள் கிடந்தால் ஐயமே வேண்டாம்; பழத்தை வாய்க்குள் அதக்கி, மேலண்ணத்தில் வைத்து அழுத்தி, சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புவது அதன் சுபாவம்.

குட்டை மூக்குப் பழந்தின்னி கூட்டமாக வெளியே தொங்காது. ஆண் வௌவால் நெட்டிலிங்கத்தின் தொங்கும் தழைகளுக்குள்ளும், கூந்தற்பனையின் காய்க்குலைக்குள்ளும், அடர்ந்து படரும் கொடிகளுக்குள்ளும் தண்டுகளைக் கடித்து அகற்றி, உள்ளே மணி வடிவமான ஓர் அறையை அமைத்துக்கொள்ளும். பாளையங்கோட்டையில் ஆராய்ச்சி செய்தவர்கள் 1995-இல் இதை விவரமாக எழுதியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தழை கலைந்த அடையாளமே தெரியாது. அடியில் சிதறிக் கிடக்கும் விதைகளும் கடித்த இலைத் துணுக்குகளுந்தான் காட்டிக்கொடுக்கும். அழகுக்காக நெட்டிலிங்கத்தைக் கத்தரிக்கும் தோட்டக்காரர் மேலே பார்ப்பதற்கு முன் கீழே பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, பொந்துகளிலும் பட்டை இடுக்குகளிலும் பனையின் காவோலைகளுக்கிடையிலும் ஒளிந்துகொள்ளும் பூச்சியுண்ணும் சிறு வௌவால்கள். எலிப் புழுக்கை போன்ற எச்சம் பொந்தின் வாயிலுக்குக் கீழே கிடந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள்: எலியுடையது கெட்டியாக இருக்கும், வௌவாலுடையது பொடியாக உதிர்ந்து, வண்டுச் சிறகின் மினுமினுப்பான துணுக்குகளைக் காட்டும். பொந்தின் விளிம்பு எண்ணெய் பட்டது போலக் கறுத்திருப்பதும் அடையாளம்.

கணக்கெடுத்தல்

எண்ணிக்கை இல்லாமல் நாளைக்கு ஒருவரிடம் போய் நீங்கள் வாதாட முடியாது. முறை எளிது:

1. பகலில் ஒருமுறை, மரத்திலிருந்து 50 கஜத்துக்குக் குறையாத தூரத்தில் நின்று, இருநோக்கியால் கிளை கிளையாக எண்ணுங்கள். அடர்ந்த கிளையில் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினால் பிழை குறையும்.

2. மாலையில், சூரியன் அஸ்தமிக்கும் நேரத்துக்கு முன்பே இருவர் மரத்தின் இரு புறங்களிலும், கண்ணுக்கு மேற்கு வானத்தின் வெளிச்சம் பின்னணியாக அமையும்படி அமர்ந்துகொள்ளுங்கள். வெளியேறும் வௌவால்களை அவரவர் தமக்கென ஒதுக்கிய வானப் பகுதியில் மட்டும் எண்ண வேண்டும்.

3. திரும்பி வந்து மரத்தைச் சுற்றுபவற்றைக் கழித்துவிடுங்கள்.

4. பொந்து மரமானால் துவாரத்தைப் பார்த்தபடி அஸ்தமனத்திலிருந்து முக்கால் மணி நேரம் உட்காருங்கள். உள்ளே டார்ச் அடிக்க வேண்டாம்.

5. தேதி, நேரம், காற்று, மழை, நிலவு, அருகில் பூத்துக் காய்த்திருக்கும் மரங்கள் இவற்றோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை என ஒரு வருஷம் எழுதினால், எப்போது கூட்டம் பெருகுகிறது, எப்போது குட்டிகள் தென்படுகின்றன என்பது தெளிவாகும்.

சாதாரணத் தவறு: கை தட்டியும் கல் விட்டும் பறக்கவைத்து எண்ணுவது. கலவரப்பட்டுப் பறக்கும் தாயின் மார்பிலிருந்து குட்டி விழுந்துவிடும்; எண்ணிக்கையும் சரியாக வராது.

மரம் யாருடையது?

பட்டா நிலத்து மரமானால் உரிமையாளரோடு பேச்சு முடிந்தது. மற்றபடி ஏரிக்கரை மரம் நீர்வளத் துறை அல்லது ஊராட்சியுடையதாகவும், சாலையோர மரம் நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும், கோயில் மரம் அறநிலையத் துறையின் பொறுப்பிலும் இருக்கக்கூடும். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மரத்தின் இருப்பையும் கணக்கெடுப்பையும் எழுத்தில் கொடுத்து வையுங்கள். பொது நிலத்தில் மரம் வெட்டும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க மாவட்டந்தோறும் பசுமைக் குழு உண்டு. வெட்டுவதற்கான பேச்சு எழுந்தவுடன் உங்கள் மனு அங்கே முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், கோடரி வந்த பிறகு அல்ல.

ஊராட்சியில் 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி அமைந்த பல்லுயிர் மேலாண்மைக் குழு பெயரளவிலாவது இருக்கும். அதன் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் மரத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இலும், திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில் காடு 2025-இலும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்கப்பட்டது இதே சட்டத்தின் கீழ்தான். காசம்பட்டிக் காடு 5 ஹெக்டேர்கூட இல்லை என்பதை, சிறிய தோப்பு என்று தயங்குகிறவர்கள் கவனிக்கலாம்.

வௌவாலைப் பற்றியும் சட்டம் மாறிவிட்டது. 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகங்களோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. பெரிய பழந்தின்னி இரண்டாம் அட்டவணையில் பாதுகாப்புப் பெற்றது. ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லி வலையோடும் துப்பாக்கியோடும் வருகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லிவிட்டு, உடனே வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். அந்த மருந்துக்கு வைத்திய ஆதாரம் எதுவுமில்லை.

பழைய மரத்தைப் பேணும் விதம்

இந்த அத்தியாயத்தின் சாரம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பணமும் ஆளும் குறைவாக இருப்பவர் இதை மட்டும் செய்தாலும் போதும்.

அடிமண்ணைக் காப்பாற்றுங்கள். பக்தியின் மிகுதியால் மரத்தடியில் சிமெண்டு மேடை கட்டுவது நம் நாட்டில் பெருத்த வழக்கமாகிவிட்டது. அடிமரத்தை நெருக்கிப் பூசிய சிமெண்டு வேருக்குக் காற்றும் மழைநீரும் போகாமல் அடைத்துவிட, பத்துப் பதினைந்து வருஷத்தில் ஒரு பக்கத்துக் கிளைகள் உலரத் தொடங்கும். அப்போது மரத்துக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி வெட்டுவார்கள். மேடை வேண்டியவர்கள் கிளைப் பரப்புக்கு வெளியே கட்டிக்கொள்ளட்டும். அல்லது சாந்து பூசாமல் கருங்கல்லை மட்டும் அடுக்கிக்கொள்ளட்டும். ஏற்கெனவே பூசியிருந்தால் அடிமரத்தைச் சுற்றி 3 அடி அகலத்துக்காவது பெயர்த்தெடுத்து, மக்கிய தழையைப் போட்டு மூடுங்கள். கடப்பாரை வேரைத் தொடலாகாது.

ஆலமரமானால் விழுதைக் காப்பதே அதன் ஆயுளைக் காப்பதாகும். சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம் 1989-இல் புயற்காற்றில் தன் அடிமரத்தை இழந்த பின்னரும் ஜீவித்திருப்பது விழுதுகளால்தான். நம் கிராமத்து மரங்களிலோ, எட்டும் உயரத்துக்கு வந்த விழுதை ஆடு கடித்துவிடுகிறது. சிறுவர்கள் ஊஞ்சலாடி அறுத்துவிடுகிறார்கள். அதற்குச் செய்ய வேண்டியது:

1. நீளமாக, தாங்கலின்றிப் பக்கவாட்டில் போகும் கிளைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றிலிருந்து தொங்கும் விழுதுகளில் தடித்தவை இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு மூங்கிலை நெடுக இரண்டாகப் பிளந்து, கணுத் தடுப்புகளை உடைத்தெடுத்து, விழுதை உள்ளே வைத்து, ஈர மண்ணும் தேங்காய் நாரும் கலந்து நிரப்பிக் கயிற்றால் கட்டுங்கள். கயிறு மூங்கிலைச் சுற்றியிருக்க வேண்டுமேயன்றி விழுதைச் சுற்றி இருக்கலாகாது.

3. மூங்கிலின் அடி நுழையுமாறு ஒரு முழ ஆழத்துக்குக் குழி எடுத்து, தொழு உரம் கலந்த மண்ணைப் போட்டு மூடுங்கள்.

4. கோடையில் வாரம் ஒருமுறை மூங்கிலின் தலைப்பில் நீர் ஊற்றுங்கள்.

5. விழுது தரையில் வேரூன்றித் தடித்த பின் மூங்கிலை அகற்றி, ஆடு எட்டாதபடி முள் கட்டுங்கள்.

இந்த வேலையை வௌவால் தொங்கும் கிளைகளின் நேர் கீழே செய்வதானால், குட்டிகள் இல்லாத மாதங்களில், அவை இரை தேடப் போய்விட்ட மாலைக்குப் பிறகு, மங்கிய விளக்கில் செய்வது நல்லது. சாதாரணமாகப் பெரிய பழந்தின்னி மாசி முதல் வைகாசி வரையில் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி ஈனும். ஆகையால் தை பிறந்தது முதல் ஆனி முடியும் வரையில் அந்த மரத்தில் அரிவாள் ஏறக்கூடாது என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ளுங்கள்.

பொந்தை அடைக்காதீர்கள். மரத்துக்கு நல்லது செய்வதாக எண்ணிப் பொந்தில் சிமெண்டும் செங்கல்லும் அடைப்பது இரட்டைத் தீங்கு: உள்ளிருக்கும் பிராணிகள் சமாதியாகும், ஈரம் உள்ளே தங்கி மரம் விரைவாக அழுகும். தேன் எடுக்கப் பொந்தில் தீ மூட்டுவதையும், மரத்தடியில் சருகு கொளுத்துவதையும் தடுத்து நிறுத்துங்கள். பட்டுப்போன மரமாயினும், அது வீட்டின் மேலோ பாதையின் மேலோ விழும் ஆபத்து இல்லாதவரையில் நிற்கட்டும். விறகு வியாபாரி கொடுக்கும் விலைக்காகப் பொந்து மரத்தை விற்கிறவர் மரங்கொத்தி, ஆந்தை, கிளி ஆகியவற்றின் குடியிருப்பையும் சேர்த்து விற்கிறார்.

பொந்துள்ள கிளையை வெட்டியே தீர வேண்டுமானால்

1. தொடர்ந்து இரண்டு மாலைகள் துவாரத்தைக் கவனியுங்கள். வௌவால் வெளியேறினால், குட்டிகள் இல்லை என்று உறுதிப்படும் வரையில் வேலையைத் தள்ளிவையுங்கள், வனத்துறையையும் கேளுங்கள்.

2. அனுபவமுள்ள மரமேறியைக் கொண்டு, பொந்துக்கு நன்றாக விலகி, அதன் மேலும் கீழும் அறுக்கச் செய்யுங்கள். பொந்தின் ஊடே வாள் போகக் கூடாது.

3. கிளையைத் தொப்பென்று போடாமல் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குங்கள்.

4. துவாரம் வானத்தைப் பார்க்கும்படி தரையில் கிடத்தி, ஓர் இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். உள்ளே தப்பித் தவறி இருப்பவை வெளியேறிவிடும். மறுநாள் பகலில்தான் துண்டு போட வேண்டும்.

எச்சரிக்கை: பொந்தில் கையை விடாதீர்கள், பாம்பும் இருக்கலாம். பெரிய ஆலமரங்களில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று வீசும் நாளில் வேலையே வேண்டாம்.

பனையும் வாழையும்

கழிக்காத பனையில் காவோலைகள் தொங்கி, அடிமரத்தைச் சுற்றி ஒரு திரைபோல் அமைந்திருக்கும். சிறு வௌவால்கள் அவற்றின் மடிப்புகளில் பகலைக் கழிக்கும். ஏறும் பனைகளைக் கழிக்காமல் முடியாது. எனவே வரப்பில் இருபது பனை இருந்தால் நாலைந்தையாவது கழிக்காமல் விட்டுவையுங்கள். அவற்றின் அடியில் தீ மூட்ட வேண்டாம். வாழைத் தோட்டத்தின் ஓரக் கட்டைகளில் தொங்கும் உலர்ந்த சருகுகளையும் அறுவடை வரையில் விட்டுவைக்கலாம். ஆரஞ்சும் கறுப்புமாக விசித்திர வர்ணம் கொண்ட ஒரு சின்னஞ்சிறு வௌவால் அந்தச் சருகுக்குள் சுருண்டிருக்கும். அரிதான பிராணியாதலால் காணக் கிடைத்தால் உங்கள் பாக்கியம்.

நீர், கம்பி, வெளிச்சம், சத்தம்

பழந்தின்னி வௌவால் குளத்தின் மேல் தாழப் பறந்து, வயிற்றை நீரில் நனைத்துக்கொண்டு மரத்துக்குத் திரும்பி, ரோமத்திலுள்ள ஈரத்தை நக்கிக் குடிக்கும். சிறு வௌவால்கள் பறந்தபடியே வாயால் நீரை அள்ளும். இரண்டுக்கும் தடையற்ற நீர்ப்பரப்பு வேண்டும். குளக்கரையைச் சூழ்ந்து வளர்ந்த சீமைக் கருவேலையும், நீரை மூடிய ஆகாயத்தாமரையையும் ஒரு பகுதியிலாவது அகற்றி வழி செய்யுங்கள்.

முள்கம்பியில் சிறகு மாட்டிக்கொண்டால் அந்த வௌவால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மரத்துக்கும் நீருக்கும் இடையிலுள்ள வேலியின் மேல் வரிசையை மட்டுமாவது முள்ளில்லாத கம்பியாக மாற்றுங்கள். கொங்கு நாட்டில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலி எந்தக் கம்பியையும்விட மேலானது. செலவில்லை, துருப்பிடிப்பதில்லை, பூச்சியுண்ணும் வௌவால்கள் ஒரு தோப்பிலிருந்து இன்னொரு தோப்புக்கு அதன் ஓரமாகவே பறந்து இரை தேடிக்கொண்டு போகும். கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டும் நாகரிகம் எனக்கு விளங்குவதில்லை.

மின்கம்பி இன்னும் பெரிய அபாயம். அகன்ற சிறகு ஒரே சமயத்தில் இரண்டு கம்பிகளைத் தொட்டுவிடுகிறது. கம்பியில் கருகித் தொங்கும் வௌவாலை நீங்கள் தொட முயலக் கூடாது. எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் இடையே எத்தனை இறந்தன என்று எழுதி, உறையிட்ட கம்பி அமைக்கும்படி மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் மனுக் கொடுங்கள்.

மரத்தை நோக்கி எரியும் எல்.இ.டி. விளக்குகளைத் தரை நோக்கித் திருப்புங்கள். மறைப்புத் தகடு போடுங்கள். பட்டாசு, வேட்டு, ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் பேசுங்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் வௌவால்களைக் காத்துவரும் கிராமங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. மதுரைக்குத் தெற்கே புளியங்குளத்தில், வயல்களின் நடுவே நிற்கும் ஆலமரத்து வௌவால்களுக்கு முனியே காவல் என்று மக்கள் நம்புவதை வௌவால் ஆராய்ச்சியாளர் ஜி. மாரிமுத்து 1988-இல் எழுதியிருக்கிறார். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தால் அதைக் கேலி செய்யாதீர்கள். வேலி போடுவதைவிட அது பலமான காப்பு.

கடும் வெயில் நாட்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் 2018 நவம்பரில் 42 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் ஏறத்தாழ 23,000 பழந்தின்னி வௌவால்கள் மடிந்தன. சிறகை ஓயாமல் விசிறுவது, உடம்பை எச்சிலால் நனைத்துக்கொள்வது, உச்சிக் கிளையை விட்டு அடிமரத்தருகே இறங்கி ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்குவது, வாயைத் திறந்து மூச்சிறைப்பது ஆகியவை அவற்றின் வேதனைக்கு அடையாளங்கள். அப்போது மரத்தடிக்குப் போகாதீர்கள். கலவரப்பட்டுப் பறந்தால் உடற்சூடு இன்னும் ஏறும். முன்னேற்பாடாகச் செய்ய வேண்டியது, மரத்தடியில் தானாக முளைக்கும் புதர்களையும் இளமரங்களையும் சுத்தம் செய்கிறோம் என்று அழிக்காமலிருப்பது. அந்த நிழல்தான் கீழே இறங்கும் வௌவாலைக் காக்கும்.

போத்து நடுதல்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாப் பகுதியில் ஒரே இரவில் எண்ணற்ற பழமரங்களைச் சாய்த்ததைக் கண்டவர்கள், ஒற்றை மரத்தை நம்பியிருப்பது தகாது என்பதை அறிவார்கள். பழைய மரம் நன்றாக இருக்கும்போதே அதன் அருகில் அடுத்த தலைமுறையை ஊன்றிவிடுங்கள். ஆல், அரசு, அத்தி ஆகியவற்றை விதையிலிருந்து வளர்ப்பதைவிடப் போத்து வைப்பது விரைவு.

1. ஐப்பசி அடைமழைக்குச் சற்று முன்பாக, மணிக்கட்டுக் கனமும் 7, 8 அடி நீளமும் உள்ள நேரான கிளையை வௌவால் அடையாத மரத்திலிருந்து எடுங்கள்.

2. அடியைச் சாய்வாகச் சீவி, பால் வடிந்து நிற்கும் வரையில் ஒரு நாள் நிழலில் வையுங்கள்.

3. இரண்டடி ஆழக் குழியில் நட்டு, காற்று இல்லாமல் மண்ணை மிதித்து இறுக்குங்கள்.

4. நுனி வெட்டில் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்புங்கள், வெயிலில் உலராது.

5. ஆட்டுக்கு முள் கட்டுங்கள். முதல் இரண்டு கோடைகள் நீர் ஊற்றுங்கள்.

கிணறு, வீட்டுச் சுவர், மதகு ஆகியவற்றிலிருந்து 40 அடியாவது தள்ளி நடுவது அவசியம். ஆலின் வேர் கட்டடத்தைப் பிளந்தால் பழி வௌவாலின் மேல் வரும். மின்கம்பிக்குக் கீழேயும் வேண்டாம். போத்துகளுக்கிடையே இலுப்பை, நாவல், மருது, புன்னை, புங்கன் கன்றுகளைக் கலந்து வையுங்கள். இலுப்பை விதையைச் சேமித்து வைக்க முடியாது. பழம் விழும் பருவத்தில் பொறுக்கி, சதையை நீக்கி, உடனே விதைத்துவிட வேண்டும்.

மரத்தில் மாட்டும் வௌவால் பெட்டிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெரிய பழந்தின்னிக்கு அதனால் பயனில்லை. சிறு வௌவால்களுக்கு, வெயில் படாத கிளையில், அடி திறந்த, உள்ளே சொரசொரப்பான, வர்ணம் பூசாத பலகைப் பெட்டியை மாட்டிப் பார்க்கலாம்; ஆனால் அதை மாட்டிவிட்டோம் என்ற திருப்தியில் பொந்து மரத்தை விற்றுவிட்டால் நஷ்டமே.

பழத்தோட்டக்காரரிடம் பேசும் விதம்

சப்போட்டாவும் கொய்யாவும் மாவும் வைத்திருப்பவரின் கோபம் நியாயமானது. அதை மறுத்துப் பேசத் தொடங்கினால் காரியம் கெடும். கொல்வதால் பயிர் மிஞ்சாது என்பதற்கு மொரீஷியஸ் தீவு சாட்சி. அங்கே 2015 முதல் அரசாங்கமே முன்னின்று பல்லாயிரக்கணக்கான வௌவால்களைச் சுட்டும், பழ விளைச்சல் எதிர்பார்த்தபடி உயரவில்லை. 2018-இல் அந்த இனம் அழியும் அபாயத்திலுள்ளவற்றின் பட்டியலுக்குப் போனதுதான் மிச்சம்.

மாவை முற்றிய பருவத்தில், பழுக்குமுன் பறித்துவிடச் சொல்லுங்கள். வீட்டு மரத்துக் குலைகளுக்குத் துணிப்பை கட்டலாம். வலை போடுவதானால் தொய்வில்லாமல் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். தொங்கும் நைலான் வலையில் வௌவாலும் பறவையும் பாம்பும் சிக்கி மடியும். கண் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை: இழுத்துப் பிடித்த வலையில் சுண்டுவிரல் நுழையுமானால் அது உதவாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் வீட்டுப் பழ மரங்களுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கண்ணுள்ள வலையைச் சட்டத்தாலேயே தடுத்திருக்கிறது.

உடம்பைக் காத்துக்கொள்ளுதல்

வௌவாலோடு ஒரே ஊரில் வாழலாம். அதைத் தொட்டு வாழ வேண்டியதில்லை. 2018-இல் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா நோய் தோன்றிப் பல உயிர்களைக் கொண்டுபோனதை மறந்துவிடலாகாது. விதிகள் சொற்பமே, தவறாமல் அனுசரியுங்கள்.

கடித்த பழத்தையும் மரத்தடியில் கீறலோடு கிடக்கும் பழத்தையும் மனிதரும் உண்ணக் கூடாது, கால்நடைக்கும் பன்றிக்கும் போடக் கூடாது. பதநீர்க் கலயத்தின் வாயை இரவில் மூடிக் கட்டுங்கள். மரத்தருகே உள்ள கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி போடுங்கள். மாட்டுக் கொட்டிலை மரத்தடியில் அமைக்காதீர்கள். அடியில் வேலை செய்கையில் தொப்பி, முகமூடி, கையுறை, செருப்பு அணிந்து, எச்சம் தூசியாகப் பறக்காதபடி முதலில் நீர் தெளித்து, முடிந்ததும் சோப்பினால் கை கழுவுங்கள். விழுந்த குட்டியைக் குழந்தைகள் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பு ஊசியைப் பற்றிக் கேளுங்கள். பல வௌவால்கள் ஒரே சமயத்தில் காரணமின்றி இறந்து கிடந்தால் அருகே போகாமல் கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் தெரிவியுங்கள்.

நோய்க்குப் பயந்து மரத்தை வெட்டினால் கூட்டம் மறைந்துவிடாது. சிதறி, இன்னும் நாலு வீட்டுத் தோட்டங்களில் போய்த் தொங்கும்.

கூட்டம் போய்விட்டால்

ஒரு நாள் மரம் வெறுமையாக இருக்கக் கண்டு பதற வேண்டாம். இலுப்பையும் ஆலும் வேறெங்கோ பழுத்தால் கூட்டத்தில் பெரும்பகுதி சில மாதங்களுக்கு இடம் மாறுவது இயல்பு. கடந்த ஒரு மாதத்தில் வெட்டு, வேட்டு, புது விளக்கு, தீ ஏதேனும் நிகழ்ந்ததா என்று விசாரித்து, காரணம் அகப்பட்டால் அதை அகற்றுங்கள். கணக்கு நோட்டில் சுழி எழுதும் மாதங்களிலும் எழுதுவதை நிறுத்தாதீர்கள். மரம் காலியாகிவிட்டதே, இனி வெட்டினால் என்ன என்று யாராவது வந்து கேட்பார்கள். குறைந்தது மூன்று வருஷத்துக்குச் சம்மதம் தராதீர்கள்.